ஊற்றாமல் விட்ட தண்ணீர்

என் அக்கா கன்னியர் மடத்தில் ஓஸ்தி சுடுகிறவள். பூசையில் சாமியார் எடுத்துக் கொடுக்கும் அந்த வெள்ளை வட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் கரைத்து, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஊற்றி அழுத்திச் சுட வேண்டும். சூடு ஏறினால் பழுப்படித்துவிடும். சுட்டதும் வெட்டினால் நொறுங்கும். ஈரத்துணி தொங்கவிட்ட அறையில் வைத்துப் பதமானபிறகுதான் வெட்டலாம். நான் எலக்ட்ரீஷியன். தகட்டின் ஹீட்டர் காயில் எரிந்துபோனால் எனக்குத்தான் போன் வரும். "உன் கை பட்டா மறுபடியும் எரியும்னு தெரியும். என்ன பண்றது, வேற யாரும் கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க" என்பாள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிது, அக்காவுக்கு இன்னும் பெரிது. இருபது வயதில் மடத்துக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருபத்து நாலு வயதில் பீடத்தின் முன்னால் முழங்காலிட்டு, கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு கொடுத்தாள். மைக்கே தேவைப்படவில்லை. மடத்துத் தலைவியாக அப்போது இருந்த மதர், "திருச்சபையின் பெயரால் ஏற்றுக்கொள்கிறேன்" என்று பதில் சொன்னார். அந்த ஒரு வரியைக் கேட்டதும் அக்காவின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. வெளியில் சொல்லவில்லை.

புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள்தான் பாடம் எடுப்பாள். நான் தகடு பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையிலிருந்து கேட்கும். "வார்த்தைப்பாடுன்னா ஏதோ புதுசுன்னு நினைக்காதீங்க. ஞானஸ்நானத்துலயே கடவுள் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாரு. நாம சத்தமா 'இதோ வந்துட்டேன்'னு சொல்றோம், அவ்வளவுதான்." வருஷாவருஷம் அதே பாடம். எனக்கே மனப்பாடம்.

அவள் வார்த்தைப்பாட்டின் வெள்ளி விழாவுக்கு அத்தையை அழைக்கப் போனோம். அப்பாவின் அக்கா. வயது எண்பத்தொன்று. அந்தக் காலத்தில் பிரசவ வார்டில் நர்ஸ். எங்கள் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்ததும் அவர்தான். அக்கா பிறந்தபோது கூடவே இன்னொன்றும் பிறந்தது, இரட்டை. அந்தக் குழந்தை ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. சாகும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதால், அத்தை அங்கேயே இரண்டு குழந்தைகளுக்கும் தண்ணீர் ஊற்றியதாகத்தான் எங்கள் குடும்பக் கதை.

அக்கா அழைப்பிதழை நீட்டினாள். அத்தை அதை வாங்கவே இல்லை.

"உனக்கு ஊத்தலம்மா" என்றார். "அது நீலமாயிருச்சு. ஓடிப்போய் அதுக்கு ஊத்தினேன். நீ அந்தப் பக்கம் கிடந்து கத்துகத்துன்னு கத்துற. இவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா, கோயில்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"உங்கம்மா கண்ணு முழிச்சதும் ரெண்டுக்கும் ஊத்தினியான்னு கேட்டா. ஒண்ணு செத்துக் கிடக்கு. என்ன சொல்லுவேன்? ஆமான்னுட்டேன். சாமியார் என் பேச்சை நம்பி ரெண்டையும் பதிவேட்டுல எழுதிட்டாரு. ஒரு மாசம் கழிச்சு உன்னைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனப்ப எண்ணெய் பூசினாங்க, மெழுகுவர்த்தி கொடுத்தாங்க. தண்ணி மட்டும் ஊத்தல. ஏற்கெனவே ஊத்தியாச்சேன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வயசானவர் என்றுகூடப் பார்க்கவில்லை. "அம்பது வருஷமா வாயைத் தைச்சா வச்சிருந்தீங்க? அவ மடத்துக்குப் போறப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கத்தினேன். அத்தை அழுதார். அக்கா அழவில்லை. அழைப்பிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கடவுள் என்னைக் கூப்பிடவே இல்லையேடா. அப்ப நான் யாருக்குடா பதில் சொன்னேன்?"

விஷயம் இதுதான். ஞானஸ்நானம் இல்லையென்றால் அதன்மேல் கட்டிய எதுவும் சட்டப்படி நிற்காது. இருபத்தைந்து வருட வார்த்தைப்பாடும் செல்லாது. அவள் கன்னியாஸ்திரியே இல்லை.

இப்போதைய மதர் நல்ல மனுஷி. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில், "நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேட்கல. ரகசியமா ஞானஸ்நானம் வாங்கிட்டு இருக்கிறபடியே இருந்துருங்க" என்றாராம்.

"மதர், கீழ்ப்படியிறேன்னு நான் கொடுத்த வார்த்தையே செல்லாதுங்கிறாங்க. பிறகு இதுக்கு மட்டும் எப்படிக் கீழ்ப்படியறது?" என்று அக்கா கேட்டாளாம். இதை அவள் எனக்குச் சொன்னபோது சிரித்தாள்.

பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு எழுதிப்போட்டு ஏழு வாரம் காத்திருந்தாள். அந்த ஏழு வாரமும் ஓஸ்தி சுட்டாள், வெட்டினாள், எண்ணிப் பெட்டியில் அடுக்கினாள். பூசையில் மற்றவர்கள் வரிசையில் போகும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானம் இல்லாதவள் என்பதால், தன் கையால் சுட்டதைத் தானே வாங்க முடியாது. விவரம் தெரியாத ஒரு சிஸ்டர், "என்ன சிஸ்டர், கோபமா ஆண்டவரோட?" என்று கிண்டல் வேறு செய்தாராம். பங்குச் சாமியார், "கடவுள் பதிவேட்டைப் பாத்தா ஆளைச் சேர்க்கிறாரு?" என்று ஆறுதல் சொன்னார். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அவள் சாப்பாடு பாதியானது. உள்ளங்கையில் சூடு பட்டுக் கொப்புளம் வந்ததைக்கூட மறுநாள்தான் பார்த்திருக்கிறாள்.

கடிதம் வந்தது. முதலில் ஞானஸ்நானம். அதன்பின் விரும்பினால் முதலிலிருந்து பயிற்சி. ஆனால் அந்தக் கன்னியர் சபையில் முப்பத்தைந்து வயதுக்குமேல் சேர்ப்பதில்லை. விலக்கு கிடைக்குமா என்று மேலிடத்தில் கேட்க வேண்டும், காலம் ஆகும். அதுவரை சபை உடை கூடாது. கீழே கையெழுத்து, முத்திரை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோயிலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஞானஸ்நானத்தை வைத்துக்கொண்டார்கள். அக்கா என் மனைவியின் உடையில் வந்தாள். தோளில் தொளதொளவென்று தொங்கியது. முக்காடில்லாத தலையில் பாதி நரை. நான் அதுவரை பார்த்ததில்லை. ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாகக் கூட நிற்கும் ஞானத்தாயாக அவள் கேட்டது அத்தையை. எனக்குப் பிடிக்கவில்லை. "அவங்ககிட்டதான்டா என் பாக்கி இருக்கு" என்றாள். மதரும் வந்து கடைசித் தூணருகே நின்றார்.

சாமியார் மூன்று தடவை தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் நெற்றியில் இறங்கி மூக்குநுனியில் சொட்டியது. அவள் அசையவில்லை.

பிறகு யாரும் எதிர்பாராமல், துடைத்துக்கொள்ளக்கூட இல்லாமல், பீடத்தின் முன்னால் போய் முழங்காலிட்டாள். அதே தொண்டை. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். ஒரு சொல் தவறாமல், சாகும்வரை என்பதுவரை சொன்னாள். சொல்லிவிட்டுப் பதிலுக்காக நிமிர்ந்து காத்திருந்தாள்.

சாமியார் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மதரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதடு துடித்தது. 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற அந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு வரி. சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு நெஞ்சு வெடித்தது.

யாரும் சொல்லவில்லை. அக்கா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு வாயைத் திறந்து அழுதாள். கோயில் முழுக்க எதிரொலித்தது. அத்தை என் முழங்கையைப் பற்றிக்கொண்டார்.

"இதே சத்தம்தான்டா" என்றார். "அன்னைக்கும் இதே மாதிரிதான் கத்தினா. நான்தான் திரும்பிப் பாக்கல."