குளோரோஃபோர்ம் போத்தலும் ஜெனிற்றாவின்ரை வளையமும்

"உதை வேஸ்ற் போத்தலுக்கை வழிச்சுப் போட்டிட்டு முதல்லயிருந்து தொடங்கும் பிள்ளை."

புரொஃபசர் இப்பிடிச் சொல்லேக்கை நான் பக்கத்திலை நிண்டு கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தனான். குடுவைக்கை கிடந்தது தேன் நிறத்திலை ஒரு கோந்து. கவிழ்த்துப் பிடிச்சாலும் விழாது. ஜெனிற்றா அதை வழிச்சுப் போடாமல் மூடி வைச்சா.

அந்தப் பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்திலை ரெக்னிக்கல் ஒஃபிஸராய் இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதுசாய் வேலைக்கு வாற பிள்ளையளுக்கு ஏதும் எழுதித் தாங்கோ எண்டு கேட்டவை. எனக்கு உடனை ஞாபகம் வந்தது இந்தக் கோந்துதான்.

ஜெனிற்றா குருநகர்ப் பிள்ளை. பள்ளிக்கூடத்திலை இரசாயனம் படிப்பிக்கிறவ. படிப்பு லீவு எடுத்து ஆராய்ச்சிக்கு வந்தவ. அந்தத் தவணையோடை லீவு முடியுது. திரும்பவும் முதல்லயிருந்து செய்ய நாள் காணாது. வளையம் வராட்டில் பட்டமும் இல்லை.

என்ன வளையம் எண்டு கேப்பியள். அவ செய்த மூலக்கூறு ஒரு சின்னச் சங்கிலி. கரைசலுக்கை விட்டவுடனை அது தானாய் மடிஞ்சு, உடைஞ்ச காப்புத் துண்டு மாதிரி வளைஞ்சு நிக்கும். ரெண்டு நுனியிலையும் கொளுக்கி. இப்பிடித் துண்டுகள் ஒண்டையொண்டு கொளுவி, ஒருத்தரும் கை வைக்காமல், தாங்களே ஒரு முழு வளையமாய்ச் சேரோணும். இதைக் கேட்ட நாளிலையிருந்து எனக்கு உந்த மூலக்கூறிலை ஒரு ஆசை. எங்கடை ஊழியர் சங்கத்துக் கூட்டத்திலை நாலு பேரைச் சேர்க்கிறதுக்கே நாங்கள் படுற பாடு தெரியுந்தானே!

ஆனால் வந்தது கோந்து. ஏன் வந்தது எண்டால், எங்கடை பழக்கம். சண்டையாலை கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்த காலத்திலை கரைப்பான் ஒரு போத்தல் வாறதுக்குத் தவம் கிடந்த ஆக்கள் நாங்கள். புத்தகத்திலை ஒரு பீக்கர் எண்டு கிடந்தால் நாங்கள் ஒரு சோதனைக் குழாயிலை செய்து முடிப்பம். அதிலை பெருமை வேறை. பாதை திறந்த பிறகும் கை மாறேல்லை. எங்களிட்டைப் பழகின ஜெனிற்றாவும் அப்பிடித்தான் செய்தவ.

அடுத்த நாள் காலமை அவ என்ரை பொறுப்பிலை இருந்த ஸ்ரோருக்கு வந்தா. கையிலை அந்தக் குடுவை. கோந்து அப்பிடியே கிடக்கு.

"அண்ணை, குளோரோஃபோர்ம் இருக்கோ?"

"ஒரு போத்தல் கிடக்கு. அது கடைசி வருசப் பிள்ளையளின்ரை பிறக்ரிக்கலுக்கு."

"எனக்கு அது முழுக்கத் தாங்கோ."

"என்ன பிள்ளை, குளிக்கப் போறீரோ?"

அவ சிரிக்கேல்லை. "இல்லையண்ணை. கொஞ்சக் கரைப்பானிலை விட்டபடியால் எல்லாம் நெருக்குப்பட்டு, கண்டபடி கொளுவி நீளச் சங்கிலியாய்ப் போச்சுது. ஆனால் அந்தப் பிடி விடுற பிடி. ஒரு துளி அசிட் விட்டால் கழண்டு கழண்டு திரும்பப் பிடிக்கும். நல்லாய் இடம் குடுத்தால், சங்கிலியின்ரை ஒரு நுனி தன்ரை மற்ற நுனியைத்தான் முதல்லை காணும். பிழையை அதுவே திருத்தும்."

"அப்ப நீர் என்ன செய்வீர்?"

"நான் பாத்துக்கொண்டிருப்பன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. போத்தலைத் தூக்கிக்கொண்டு அவவோடை புரொஃபசரிட்டைப் போனன்.

"உமக்கு விசரோ?" எண்டார் மனுசன். "ஒரு சொட்டுக் குடுக்கவே ஆயிரம் கேள்வி கேக்கிற ஆள் நீர்!"

"சேர், பிறக்ரிக்கலைத் தள்ளி வைக்கலாம். அவவின்ரை லீவைத் தள்ள ஏலாது."

அவர் ஜெனிற்றாவிட்டை எல்லாத்தையும் கேட்டார். கேக்கக் கேக்க முகம் மாறிச்சுது. நல்ல மனுசன். "சரி, ஊத்தும். நானும் பாக்கோணும்" எண்டார்.

கோந்தையும் முழுப் போத்தலையும் பெரிய குடுவையிலை விட்டு, ஒரு துளி அசிட்டும் சேர்த்தம். கோந்து ஊறி, இளகி, மெல்ல மெல்லக் கரைஞ்சுபோச்சு. பிறகு பாக்க ஒண்டுமில்லை. தண்ணி மாதிரிக் கிடக்கும். நான் போகேக்கை வரேக்கை எட்டிப் பாப்பன். அவ பக்கத்திலை இருந்து செபமாலை உருட்டுவா. நான் எங்கடை மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்தனான். மூலக்கூறுக்கு நேர்த்தி வைச்ச முதல் ஆள் நானாய்த்தான் இருப்பன்!

சோதிக்கிற மெசின் எங்களிட்டை இல்லை. கரைசலிலை ஒரு சாம்பிளையும், எடுத்து வைச்ச கோந்திலை ஒரு துண்டையும் கொழும்புக்கு அனுப்பினம். பதில் வர முந்தி லீவு முடிஞ்சு, அவ பள்ளிக்கூடத்துக்குப் போட்டா. போகேக்கை மேசையைத் துடைச்சு, மேலங்கியை மடிச்சு வைச்சிட்டுப் போனா.

பதில் வந்த அண்டைக்கு புரொஃபசர் என்னைக் கூப்பிட்டார். கோந்தின்ரை வரைபு சேறு மாதிரி அலம்பிக் கிடந்தது. கரைசலின்ரையிலை ஊசி ஊசியாய்க் கோடுகள். மூலக்கூறின்ரை நிறை பாத்ததிலை ஒரே ஒரு பீக், எல்லாம் ஒரே அளவு. அவர் அங்கையே ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்தார்.

"வளையம் பிள்ளை. ஆறு துண்டு சேர்ந்த வளையம்."

அந்தப் பக்கம் வகுப்புப் பிள்ளையளின்ரை இரைச்சல்தான் கேட்டுது. பிறகு அவ, "சங்கிலி எவ்வளவு மிஞ்சிக் கிடக்கு சேர்?"

"ஒண்டுமில்லை. எல்லாம் வளையம்."

அவ அழத் தொடங்கினா. "என்ன மிஸ்? என்ன மிஸ்?" எண்டு பிள்ளையள் கேக்கிறது எங்களுக்கும் கேட்டுது. எனக்கும் கண் கலங்கிப் போச்சு. எப்பிடிப்பட்ட பிள்ளை அவ! எப்பிடிப்பட்ட சாமான் அது!

சிக்கனம் நல்ல குணம். ஆனால் சில வேலையள் இடம் இருந்தால்தான் நடக்கும். அதுக்குப் பிறகு ஓய்வு பெறுமட்டும், ஸ்ரோருக்கு வந்த ஒரு பிள்ளையிட்டையும் "குறைஞ்சது எவ்வளவு காணும்?" எண்டு நான் கேக்கேல்லை. "எவ்வளவு வேணும்?" எண்டுதான் கேட்டனான்.