தோணிரேவுச் சேற்றில் யார் வீட்டு ஈயம்?

இந்த ஜனவரியில் இரண்டாம் முறையாகப் பழவேற்காடு போனேன். பறவை பார்க்க இல்லை, சேறு எடுக்க. தாது உருக்கும் இடங்களின் கழிவு மழையோடு ஆற்றில் இறங்கி வண்டலில் படியும். ஆழம் கூடக்கூடச் சேறு பழையது; அதைச் சோதித்தால் எந்தக் காலத்தில் உருக்கினார்கள் என்று ஊகிக்கலாம். முதல் முறை, ஏரியை ஒட்டிய தோணிரேவு ஊரின் கரையோரம் எடுத்த சேற்றில், அறுபது சென்டிமீட்டர் ஆழத்தில் ஈயம் எக்கச்சக்கம். ‘இந்தத் தண்ணீரின் பக்கம் பழங்காலத்தில் யாரோ ஈயம் உருக்கியிருக்கிறார்கள்’ என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். சமர்ப்பிக்க ஒரு மாதம்தான் இருந்தது. அதே இடத்தில் இன்னொரு மாதிரி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சென்ட்ரலில் காலை 5.20 மின்சார ரயில், பொன்னேரிக்கு ஒரு மணி நேரம். பழவேற்காட்டுக்குப் பஸ், பதினெட்டு கிலோமீட்டர். தோணிரேவுக்கு ஆட்டோ நூறு ரூபாய் (நூற்றைம்பது கேட்டார், முறைத்தேன்). படகு ஆயிரத்து இருநூறு. போன முறை வந்த படகுக்காரர் தேசப்பனே கோல் ஊன்றினார். பத்து மணிக்குள் குழாயை இறக்கிச் சேற்றை எடுத்துவிட்டோம்.

கரையேறினால், அவர் மனைவி குப்பம்மா இரும்புக் கரண்டியில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். வலையில் கட்டும் குண்டுக்காம். மேலே மிதந்த கசடை வழித்துத் தண்ணீரில் வீசினார். கையிலிருந்த சேற்றுக் குழாயைக் கீழே வைத்தேன்.

“எத்தனை வருஷமா இப்படிப் பண்றீங்க?”

“எங்க நைனா காலத்துலேந்து. இன்னாம்மா இப்டி பாக்குற?”

“ஆனா அறுபது சென்டிமீட்டர் ஆழத்துக்கு எப்படிப் போகும்?”

தேசப்பன் சிரித்தார். “கோல் ஊனுறோம், நண்டு வளை தோண்டுது, இவ எறாலுக்குச் சேத்தைத் துழாவுறா. சேறு இன்னா மேடம், வெச்ச எடத்துலயே குந்தினு இருக்குமா?”

அடக் கடவுளே! அப்படியானால் என் ஈயம் பழங்காலத்துடையதா, குப்பம்மா வீட்டுடையதா? இரண்டும் கலந்ததா? ஈயத்துக்கும் கைரேகை மாதிரி ஒன்று உண்டு, சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். ஒப்பிட ஒரு குண்டு கேட்டேன். இந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்றால், பொன்னேரிக் காயலான் கடையாம். அங்கே எந்தெந்த ஊர் ஈயம் கலந்ததோ! குழப்பம் இரட்டிப்பானது.

குண்டைக் கையில் வைத்த குப்பம்மா, “ஈயம் உருக்குனவங்களைத் தேடியா ரெண்டு வாட்டி வந்த? போன வாட்டியும் நான் இங்கதான் உருக்கினு இருந்தேன். நீதான் திரும்பியே பாக்கல” என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், பத்து மணிக்கே வெயில் கொளுத்தும். படகில் ஏறும் முன் கரையில் அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள்.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை; வந்தாலும் புரியுமா என்று தெரியவில்லை. நேற்று அத்தியாயத்தைத் திறந்து ‘பழங்காலத்தில்’ என்ற ஒரு சொல்லை மட்டும் அழித்தேன். மீதி இருந்ததைப் படித்தேன்: ‘இந்தத் தண்ணீரின் பக்கம் யாரோ ஈயம் உருக்கியிருக்கிறார்கள்.’ இப்போதைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான்.