மீன் வயிற்றுக்குள் இருந்தது யார்?

குவைத்தில் சண்டை மூண்டபோது வாப்பா அங்கே ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தார். அதன்பிறகு போனும் இல்லை, தகவலும் இல்லை. காயல்பட்டினத்தில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ரேடியோ மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

உம்மா வேதத்தை விரித்து உட்கார்ந்தாள். முதலில் வேகவேகமாக ஓதினாள், பக்கங்கள் முடிந்தால் வாப்பா வந்துவிடுவார் என்பதுபோல. மீன் விழுங்கிய நபியின் கதைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பிறகு தினமும் அந்தப் பக்கம்தான். ஒரு வரி ஓதுவாள், கண்ணை மூடுவாள், வெகுநேரம் கழித்துத்தான் அடுத்த வரி.

உம்மாவின் தங்கையான சாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"ஊரெல்லாம் முழுசா ஓதி முடிச்சு துஆ கேக்குதாவ. நீ இந்தப் பக்கத்தவிட்டு நவுர மாட்டேங்குத."

"மச்சான்தான் மீன் வயித்துல கெடக்காவன்னு நெனச்சு ஓதிட்டிருந்தேன். பெறவுதான் தெரிஞ்சுது, உள்ள கெடக்கது நான். என்ன முழுங்குனது இந்தப் பயம். அந்த இருட்டுக்குள்ளயும் அந்த நபி அல்லாவக் கூப்பிட்டாவல்லா? நானும் பைய கூப்பிட்டுப் பாக்கேன்."

எட்டு வயதுக் காதில் முதல் பாதிதான் ஏறியது. மறுநாள் புன்னக்காயல் மீன்காரம்மா ஒரு பெரிய சீலா மீனின் வயிற்றைக் கீறியபோது, நான் அலறிக்கொண்டு உள்ளே ஓடினேன். பிறகு வீட்டில் மீன் ஆக்கினால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். வாப்பாவோடு ஒரே அறையில் தங்கி, அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டுவந்த பக்கத்துத் தெருக்காரர் தாடியும் அழுக்குமாகத் தனியாக நின்றார். பார்த்த மாத்திரத்தில் சாச்சி சுவரைப் பிடித்தபடி கீழே சரிந்தாள். உம்மா ஓதிக்கொண்டிருந்த வரியை முடித்து, வேதத்தை மூடி வைத்துவிட்டு வந்து திரைக்குப் பின்னால் நின்றாள்.

அவர் சலாம் சொன்னார்.

"கொஞ்சம் தண்ணி தாங்க லாத்தா."

உம்மா கிளாஸில் ஊற்றி என்னிடம் தந்தாள். நான் ஓடிய ஓட்டத்தில் பாதி தரையில் கொட்டியது. அவள் மறுபடியும் ஊற்றித் தந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை, விசும்பிக்கொண்டிருந்த சாச்சியின் தோளில் கை வைத்தபடி நின்றாள்.

"இப்பச் சொல்லுங்க தம்பி."

"காக்கா உசுரோட இருக்காவ. ஜோர்டான் எல்லைல, கூடாரத்துல. கால்ல அடி. பிளேன்ல ரெண்டு பேருக்கு எடம் இல்லன்னதும் என்ன மொதல்ல ஏத்தி விட்டுட்டாவ."

சாச்சி வாய்விட்டு அழுதாள். நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கதவைத் தட்டுவதற்கு முன்பு இருந்த அதே முகம்.

வாப்பா கொஞ்சம் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நல்ல செய்தி வரப்போவது உம்மாவுக்கு முன்கூட்டியே தெரியும், அதனால்தான் பதறவில்லை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன். திரைக்குப் பின்னால் நின்றபோது அவளுக்கும் எங்களைப்போல ஒன்றுமே தெரியாது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.