நில அலுவலகத்துக்கு நான் போகாத திங்கட்கிழமை

எங்கள் அண்ணன் ஜாசின் டவுனுக்கு அடுத்த ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், பன்னிரண்டு வயதிலேயே ரப்பர்ப் பால்வாளி தூக்கினார். என்னைப் படிக்கவைத்து, டவுனில் கடை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அவருடைய ஓராண்டு நினைவு நாளில் உறவினர்களிடம் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்துக்கு வெளியே அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அதை வாங்க, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்து ஐயாவிடம் கடன் பெற்றிருந்தார். கடன் தீர்ந்ததும் ஐயா பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் நில அலுவலகத்தில் அடமானப் பதிவு நீக்கப்படாமல் அப்படியே கிடந்தது. ஐயாவை நம்பாததுபோல் ஆகிவிடுமே என்று அண்ணன் அதைக் கேட்கவே இல்லை.

காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று வாசலில் சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். நிலத்தை விற்று, ஜாசினில் ஒரு சைக்கிள் கடையை எடுத்து, அண்ணியையும் கைக்குழந்தையையும் வேலிக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று அண்ணன் துடித்தார். வாங்க ஆள் வந்தார். அடமானப் பதிவை நீக்கினால்தான் வாங்குவேன் என்றார்.

அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. “தம்பி, திங்கக்கிழமை தஞ்சோங் கிளிங்ல ஐயா வீட்டுக்குப் போயி அவர லேண்ட் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போ. அந்த வாரமே அவரு ஊருக்குக் கப்பல் ஏறுறாரு” என்றார்.

அதற்காகக் கடையில் வாங்கிய லீவில் நான் பத்து பெரண்டாம் திடலுக்குப் பந்தாடப் போனேன். டவுன் அணியில் எனக்கு முதன்முதலாக இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை ஐயா வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் கையெழுத்து வந்து சேர்வதற்குள், நிலம் கேட்டவர் வேறு இடம் வாங்கிவிட்டார்; சைக்கிள் கடையும் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

அண்ணன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. “விடு லா. நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். அண்ணி சொந்தத்துல உனக்குப் பொண்ணு பாக்குறாங்க, நீ வாயத் திறக்காத” என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், ஒரு கையெழுத்து வாங்கத் துப்பில்லாத மனுஷன் என்று அவரைக் கேலி செய்தார்கள். அண்ணன் சிரித்துக்கொள்வார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். முழங்கால் தேயும்வரை அவர் தோட்டத்திலேயே ரப்பர் மரம் சீவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துச் சைக்கிள்களுக்குக் காசு வாங்காமல் பஞ்சர் ஒட்டினார்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள், “அண்ணே, அந்தத் திங்கக்கிழமை...” என்று தொடங்கினேன்.

“இன்னும் அதையா புடிச்சிக்கிட்டு இருக்க? சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

அவருடைய நோயில் முறைவைத்துப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், காரியங்களில் தோள்கொடுத்த தோட்டத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணி, அண்ணன் எதையும் மறக்கவில்லை. உங்கள் கடையைத் தொலைத்தவன் நான்.