ஓரத்தில் வந்த தோல்

நெல் அவித்த அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டிய உமிச்சாம்பல் மேலே வெளுத்து ஆறிப்போனது போலத் தெரியும். உள்ளே தணல் நாள்கணக்கில் கிடக்கும். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ராஜபாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் கிடந்த குவியலில் என் மகளின் வலது கால் முழங்காலுக்கு மேல்வரை புதைந்துவிட்டது. அவளுக்கு அப்போது ஆறு வயது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, இனி வீட்டிலேயே கட்டு மாற்றலாம் என்று அனுப்பினார்கள். நான் பள்ளி ஆசிரியன்; சுகாதாரப் பாடம் நடத்துகிறவன். அழுக்கு இருந்தால் புண் ஆறாது என்பது எனக்கு மனப்பாடம். தினமும் காலையில் கொதித்து ஆறிய தண்ணீரில் துணியை நனைத்து நானே துடைப்பேன். புண்ணின் ஓரமெல்லாம் நீலம் பாய்ந்த வெள்ளையாக, பாலாடை போல மெல்லிசாக ஒன்று படர்ந்திருக்கும். சீழ் என்று நினைத்து, அது போகும்வரை தேய்ப்பேன். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள்.

“சட்டிபானையா அது, இப்படித் தேய்க்கீக? செத்த நேரம் சும்மா விடுங்களேன்” என்பாள் மனைவி.

“ஒனக்கு என்ன தெரியும்?” என்பேன்.

ஒரு மாதம் கழித்தும் புண் சுருங்கவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

“அது சீழ் இல்ல, வாத்தியாரே. புதுத் தோல். ஓரத்துல இருக்கிற செல்லு ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சு, ரெண்டு நாலாப் பிரிஞ்சு உள்ள நகர்ந்து வரும். வந்ததை அன்னன்னைக்கே நீங்க எடுத்திட்டீங்க.”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

அன்று முதல் மனைவிதான் கட்டு மாற்றினாள். தண்ணீரை மேலாக ஊற்றுவதோடு சரி. ஓரம் ஒரு நெல்மணி அகலம், இன்னொரு நெல்மணி அகலம் என்று உள்ளே நகர்ந்தது. புண் மூடியது. ஆனால் தோல் வராமல் கிடந்த நாளெல்லாம் அடியில் தழும்பு தடித்து இறுகி, முழங்காலின் பின்புறத்தை இழுத்துப் பிடித்துவிட்டது. கால் முழுக்க நீளவே இல்லை.

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நடக்கும்போது வலது குதிகால் தரையில் படாது. போன வாரம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் காலைப் பற்றிக் கேட்டாள். நான் உள்ளே பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

“சாம்பல்ல கால வச்சிட்டேன், அத்தை. எங்க அப்பாதான் தெனமும் கழுவி விட்டாவ. அவிய மட்டும் பாக்கலைன்னா காலே போயிருக்கும்” என்றாள் மகள்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அடுப்படியில் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. நான் அடுத்த நோட்டை எடுத்தேன்.