அல்வாலுக்கு இரண்டு நடை

செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் பிளாஸ்டிக் குடம் செய்யும் பட்டறையில் எனக்கு வேலை போனது. ஊரின் மறுகோடியில், அல்வாலில் ஓர் அடுக்ககத்தில் தண்ணீர் மோட்டாரும் விளக்குகளும் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. தங்க ஓர் அறையும் கொடுத்தார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அது எங்களுக்கு நான்காவது அறை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பல ஊர்களில் இருந்துவிட்டேன். எங்கிருந்து கிளம்பினாலும் பைக்கில் ஒரே நடைதான். ஏறாததை விட்டுவிட்டுப் போய்விடுவேன். கனமானதைக் கீழே, சீட்டை ஒட்டிக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். மேலே துணிமணி மட்டும். கயிற்றின் நுனி சக்கரத்துப் பக்கம் தொங்கக் கூடாது. பின் டயருக்குக் காற்று கொஞ்சம் கூடவே வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் என் மனைவி உட்கார இடமில்லை என்பது தெரிந்தது.

அரிசி மூட்டையையும் அடுப்பையும் அவிழ்த்துப் பின்னால் தள்ளி, கேரியரின் நுனியில் கட்டினேன். நடுவில் ஒரு சாண் இடம் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். கேட்டை ஒட்டிய வேகத்தடையில் ஏறியதும் முன்சக்கரம் தரையில் இருப்பதாகவே தெரியவில்லை. ஹேண்டில்பார் ஆடியது. வண்டி மெதுவாக வலது பக்கம் சாய்ந்தது. அவள் குதித்துவிட்டாள்; முழங்கை சிராய்ந்தது. அடுப்பு நசுங்கியது.

வாடகை வீட்டின் சொந்தக்கார அம்மா கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் பாதி அந்த ஊர் உருது.

"அரே, கைக்கு? எதுக்கு இவ்ளோ லோடு? சர்க்கஸ்காரன்கூட பொண்ண ஏத்திட்டுதான் சாமான ஏத்துவான்."

"ஒரே நடையில முடிச்சிடலாம்னு பாத்தேன் ஆன்ட்டி."

"நக்கோ பாபு, வேணாம். ரெண்டு தடவ போனா தேஞ்சா போயிடுவ?"

வண்டியைத் தூக்க என் மனைவி வரவில்லை. கேட் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல. நீங்க போங்க. எங்க அண்ணனுக்கு போன் பண்றேன்."

"அரிசிய விட்டுட்டுப் போயிடலாம். இடம் கெடைக்கும்."

"இன்னிக்கு அரிசி. அடுத்த தடவ யாரு?"

எதையும் விட வேண்டாம், முதலில் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்? மொதல்ல என்னக் கொண்டுபோய் விடுங்க. நீங்க அப்படியே போயிட்டாலும் எனக்குன்னு ஒரு கதவாச்சும் இருக்கும்."

கோபப்பட்டிருக்கலாம். ஆனால் வாரங்கல்லில் அறையைப் பகிர்ந்துகொண்டவனிடம் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வராமலே போனவன் நான். அதை நானே ஒருநாள் சிரித்துக்கொண்டு அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அவளைக் கொண்டுபோய் விட்டேன். தார்நாக்காவிலிருந்து திருமலகிரி வரை நெரிசல். திரும்பி வந்து மூட்டைகளை முதலிலிருந்து கட்டினேன். ஒரு பக்கம் அரிசி, மறு பக்கம் பாத்திரங்கள். இந்த முறை வண்டி சொன்னபடி கேட்டது. வழியில் ஒருமுறை நிறுத்திக் கயிற்றை இறுக்கினேன். மறுபடி வண்டியில் ஏற முதுகு வளையவில்லை.

போய்ச் சேர்ந்தபோது அவள் அறையைப் பெருக்கி முடித்து வாசலில் நின்றாள். மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கினேன். வழக்கமாக அப்படியே போட்டுவைத்து, வேண்டியபோது வேண்டியதை உருவிக்கொள்வேன்.

"எல்லாத்தையும் பிரிங்க" என்றாள்.

"நாளைக்குப் பாக்கலாம். உடம்பு முடியல."

"கட்டின மூட்ட இருக்கிற ரூம்ல நான் படுக்கமாட்டேன்."

கைப்பையை அவள் இன்னும் தோளிலிருந்து எடுக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து முதல் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன். கடைசி மூட்டையில் இருந்த என் சட்டைகளை ஆணியில் மாட்டி முடித்ததும், காலிச் சாக்குகளைச் சுருட்டி எடுத்துப்போய் வெளியே குப்பைத் தொட்டியில் போட்டாள். உள்ளே வந்து பையை இறக்கி வைத்தாள்.