பிராக் வரை போன ஒரு பிடி மண்

நம்ப விருப்பமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது போன அக்டோபரில் நடந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் வைத்திலிங்கம் முப்பது வருஷமாகச் சுரங்கத்தில் மெஷின் ஓட்டுகிறவர். பேய் என்றால் வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள். மகள் அனுப்பிய போட்டோக்களை எனக்கும் காட்டினார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசி போட்டோவில் இருந்தது மட்டும் எனக்கும் தெரிந்தது.

அவருடைய ஒரே மகள் எழில்மதி, தாயில்லாப் பெண். ஜெர்மனிக்குப் படிக்கப் போனாள். யார் தூர தேசம் போனாலும் குலதெய்வக் கோயில் மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்பது அவர்கள் வழக்கம். ஆனால் கோயில் இருந்த பழைய ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஊர்க்காரர்கள் குடியேறிய வடக்குத்து கிராமத்தில் கட்டிய புதுக் கோயிலிலோ தரை முழுக்க டைல்ஸ், மருந்துக்குக்கூட மண் கிடையாது. நிலக்கரிக்கு மேலே இருந்த ஊர் மண்ணையெல்லாம் தோண்டி மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதில் ஒரு மேட்டில் வைத்திலிங்கம் ஒரு பிடி அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து மகளிடம் கொடுத்தனுப்பினார். எல்லாம் நம்ம ஊர் மண்தானே என்று நினைத்துவிட்டார். மனுஷனுக்கு அங்கேதான் புத்தி கெட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எழில்மதி பக்கத்து நாட்டுப் பழைய நகரமான பிராகைச் சுற்றிப் பார்க்க ரயிலேறியிருந்தாள். வைத்திலிங்கம் குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுவிட்டு போனோடு உட்கார்ந்தார்.

மதியம் 1.40. முதல் போட்டோ. பெரிய கடிகாரம், அதன் கீழே கோட்டும் குல்லாவுமாகக் கூட்டம். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறுமி. பச்சைப் பாவாடை. அந்தக் குளிரில் காலில் செருப்பு இல்லை.

நம்ம ஊர்க் குடும்பம் யாராவது வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

2.25. கோட்டைப் படிக்கட்டு. எழில்மதிக்குப் பத்துப் படி பின்னால் அதே சிறுமி. பாதம் இரண்டிலும் செம்மண். அந்தச் சிவப்பு அவருக்குத் தெரியும்… நெய்வேலிச் சிவப்பு.

உடனே போன் போட்டார்.

"மதி, பின்னால யாரும்மா அந்தப் பாப்பா?"

"எந்தப் பாப்பா? படியே காலியா இருந்துச்சுப்பா."

3.05. வீடியோ கால். கல் பாலம், கீழே ஆறு. எழில்மதி சிரித்துக்கொண்டே போனைச் சுற்றிக் காட்டினாள்.

சிறுமி பக்கத்திலேயே நின்றாள்.

பையில் தொங்கிய மஞ்சள் முடிச்சைப் பிடித்திருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர்… சொட்டு… சொட்டு…

அங்கே மழை இல்லை.

இடையில் இத்தனை கடல். ஓடிப்போய் மகளை இழுத்துக்கொள்ள முடியுமா?

"மதி… அந்த முடிச்ச அவுத்து ஆத்துல வுடு."

"ஏம்பா?"

"வுடும்மா! கேள்வி கேக்காத!"

எறிந்தாள்.

ப்ளக்…

சிறுமி இல்லை.

அப்பாடா என்று அப்படியே தரையில் படுத்துவிட்டார். மனசு கேட்கவில்லை. ஐந்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போய் அண்ணன் கொளஞ்சியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பழைய ஊரைத் தோண்டியபோது அங்கே மெஷின் ஓட்டி, ரிட்டயர் ஆனவர் அவர்.

"எந்த மேட்டுல எடுத்த?"

"வடக்கால மேடு."

கொளஞ்சியப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"கோயில் மண்ணு தெக்கால கெடக்குதுடா. நீ எடுத்தது சுடுகாட்டு மண்ணு. சின்னப் புள்ளைங்கள பொதைக்கிற எடம். அழுதுகினே நாந்தான் வாரிக் கொட்டுனேன்."

"நீ ஏன் அழுத?"

"நம்ம பார்வதி அங்கதான கெடந்தா."

பார்வதி அவர்களின் அக்கா. வைத்திலிங்கம் பிறக்கும் முன்பே, ஆறு வயதில் காய்ச்சலில் செத்ததாகத்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காய்ச்சல் இல்லடா. கெணத்துல வுழுந்துட்டா. பச்சைப் பாவாடையோட தூக்குனாங்க. கைய நீட்டி ஒரு வெரலக் குடுத்திருந்தாகூடப் பொழச்சிருப்பா. பக்கத்துல யாருமில்ல."

வைத்திலிங்கம்தானே அவளை ஆற்றில் விடச் சொன்னார்…

6.10. போன் அடித்தது.

"அப்பா, அந்த முடிச்ச எறிஞ்சேன்ல… அப்ப யாரோ என் விரலப் புடிச்ச மாதிரி இருந்துச்சு."

"இப்ப?"

"சில்லுன்னு இருக்கு. க்ளவுஸ் போட்டேன். அதுவும் நனைஞ்சிடுச்சுப்பா."

ஒன்றுமில்லை, துடைச்சுக்கம்மா என்றார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

எட்டு மாதமாகிவிட்டது. எழில்மதி நன்றாகப் படிக்கிறாள். எதுவும் தெரியாமல் வாரம் ஒரு போட்டோ அனுப்புகிறாள். போன வாரம் வந்ததை எனக்குக் காட்டினார். அவள் மட்டும்தான் நிற்கிறாள்.

வலது கை மட்டும் பக்கவாட்டில் கொஞ்சம் விலகியிருக்கிறது. ஆட்காட்டி விரல் நீண்டிருக்கிறது… ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில்.